கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்: ஓர் அஞ்சலி

ஒரு வழக்கம் எந்த நாளில் இறந்தது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. ஜிசிசி என்ற கம்பைலரின் மூலநிரலை இறக்கி, விரித்து, நம் கணினியிலேயே நம் கையால் கட்டி நிறுவிக்கொள்ளும் வழக்கமும் அப்படித்தான் போயிருக்கிறது. சாவுச் செய்தி வரவில்லை, கூட்டம் கூடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மேசையில் ஒருநாள் ‘ஏப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, அரை நிமிடத்தில் வேலை முடிந்ததைப் பார்த்து நிம்மதியாக எழுந்துபோனோம், பழைய வழிக்குத் திரும்பவேயில்லை.

ஜிசிசி என்னவோ நலமாகத்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் 15ஆம் தலைமுறை வெளிவந்தது. நாம் பறிகொடுத்தது அதை வீட்டுக்கு அழைத்துவந்த முறையை. யாரோ எங்கோ கட்டிக்கொடுத்த இருமக் கோப்பை அப்படியே வாங்கி வைக்காமல், மனிதர் படிக்கக்கூடிய எழுத்தாக அதைப் பெற்று, முதலில் ஓர் இரவல் கம்பைலரைக் கொண்டு கட்டி, பிறகு அதைக் கொண்டே அதை மறுபடி கட்டி, இரவலின் சுவடு உடம்பில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ அடைவில் குடியேற்றிய முறை அது. அந்த மூன்று கட்டளைகளும் கண்ணை மூடினால் விரலுக்கு வரும் ஒரு தலைமுறை இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் பலரும் அதைச் சேர்ந்தவர்கள்தான்.

அந்த வழக்கத்தின் பிறப்பு கம்பைலரின் பிறப்போடு ஒட்டியது. 1983 செப்டம்பர் 27 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன், யூனிக்ஸை ஒத்த, ஆனால் முழுவதும் கட்டற்ற, க்னூ என்ற ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்குக் கம்பைலர் வேண்டும். தானே எழுதும் எண்ணம் தொடக்கத்தில் அவருக்கு இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் உருவான கம்பைலர் தொகுதியைத் தரமுடியுமா என்று எழுதிக் கேட்டார். தரமுடியாது என்று பதில் வந்தது. அடுத்து லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் பாஸ்டல் கம்பைலர் கைக்குக் கிடைத்தது. அது ஒரு கோப்பை முழுவதுமாகப் படித்து நினைவகத்தில் விரித்துவைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கும் இயல்புடையது. அதற்கு மெகாபைட் கணக்கில் ஸ்டாக் இடம் வேண்டும். அவரிடமிருந்த 68000 சில்லு யூனிக்ஸ் கணினியோ 64 கிலோபைட்டுக்கு மேல் தராது. இனி இரவலை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் அவர் புதிதாகவே எழுத உட்கார்ந்தார். 1987 மார்ச் 22 அன்று ஜிசிசியின் முதல் சோதனை வெளியீடு வந்தது.

வந்தது மூலநிரலாக. ஊருக்கு ஒரு சில்லு, நிறுவனத்துக்கு ஒரு யூனிக்ஸ் என்றிருந்த காலத்தில் எல்லோருக்கும் ஓடும் ஓர் இருமக் கோப்பு என்பது நடவாத காரியம். எம்ஐடியின் எஃப்டிபி வழங்கியிலிருந்து இறக்கிக்கொண்டவர்களும், இணைய வசதி இல்லாமல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் காசு கொடுத்துக் காந்த நாடாவில் பெற்றுக்கொண்டவர்களும், அதைத் தங்கள் இயந்திரத்தில் தாங்களே கட்டியாகவேண்டியிருந்தது. வேறு வழியின்மையில் பிறந்த வழக்கம்தான். ஆனாலும் அது வளர்ந்த விதத்தில் ஒரு கண்ணியம் இருந்தது.

கட்டும் முறையைச் சற்று நின்று சொல்லவேண்டும், அதன் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது. முதற்கட்டத்தில், கணினியில் ஏற்கெனவே எந்தக் கம்பைலர் இருக்கிறதோ அதனிடம், அதை எழுதியது யார், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று பாராமல், ஜிசிசியின் மூலநிரல் ஒப்படைக்கப்படும். அது தன்னால் இயன்ற அளவில் ஒரு குழந்தையைப் பெற்றுத் தரும். நிறுவி முடியும் வரை அந்தக் குழந்தைக்கு ‘எக்ஸ்ஜிசிசி’ என்று ஒரு தற்காலிகப் பெயர். அதன் அறிவு ஜிசிசியினுடையது; உடம்பு மட்டும் இரவல் கம்பைலர் செய்தது, அதனால் மெதுவாக நடக்கும், கொஞ்சம் பருமனாகவும் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் அந்தக் குழந்தையிடமே அதே மூலநிரல் முதல் எழுத்திலிருந்து மறுபடி கொடுக்கப்படும்; இப்போது பிறப்பதற்கு அறிவும் உடம்பும் ஜிசிசியினுடையவை. இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதையும் கட்டச் சொன்னார்கள். ஏனென்றால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எழுத்தை ஒரே அறிவால் படித்து உருவானவை. இரவல் கம்பைலர் முதற்கட்டத்தில் எங்கும் தவறு செய்யாமலிருந்தால், ஜிசிசியும் தன்னைத் தானே சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், இரண்டும் பைட் பிசகாமல் ஒன்றாக இருந்தாகவேண்டும்.

ஆகவே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில கோப்பு வடிவங்கள் தொகுத்த நேரத்தைத் தலைப்பில் பதித்துவைக்கும் என்பதால் அந்த முதல் 16 பைட்டுகளுக்கு மட்டும் விலக்கு. மீதி எல்லாம் எழுத்துக்கு எழுத்து. இரவெல்லாம் திரையில் ஓடிய ஆயிரக்கணக்கான வரிகளுக்குப் பிறகு, ‘கம்பேரிங் ஸ்டேஜஸ் டூ அண்ட் த்ரீ’ என்று ஒரு வரி நின்று, அதன் கீழே ‘கம்பாரிசன் சக்சஸ்ஃபுல்’ என்று ஒரு வரி வரும். வாழ்த்து கிடையாது, வண்ணம் கிடையாது. தவறிப்போனால் ‘பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெய்லியர்’ என்று சொல்லி, எந்தெந்தக் கோப்புகள் வேறுபடுகின்றன என்று பட்டியலும் தந்துவிட்டு அது நின்றுவிடும். தன் பிறப்பில் சந்தேகம் இருந்தால் அதை உடையவரிடம் சொல்லிவிட்டு, நிறுவப்படுவதற்கு முன்பே விலகிக்கொள்ளும் மென்பொருளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்தத் தொடக்க காலத்து ஜிசிசியிடம் இருந்த இன்னொரு பணிவையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். ஆன்சி சி என்ற புதிய தரத்தை எத்தனையோ இயந்திரங்களுக்குக் கொண்டுசேர்த்தது அதுதான். ஆனால் தன் சொந்த மூலநிரலை மட்டும் அது நெடுங்காலம் கெர்னிகன், ரிட்சி காலத்துப் பழைய சி-யிலேயே எழுதிவைத்திருந்தது. காரணம், எச்பி-யூஎக்ஸ் போன்ற இயங்குதளங்களோடு சும்மா கிடைத்த கம்பைலருக்கு அந்தப் பழைய சி மட்டுமே தெரியும். புதிய தரம் தெரிந்த கம்பைலருக்குத் தனியாக விலை. 1992இல் சோலாரிஸ் 2 வந்தபோது சன் நிறுவனமும் சி கம்பைலரை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்கத் தொடங்கியது. வாங்க வசதியில்லாத ஆய்வகங்களும் கல்லூரிகளும் எங்கிருந்தோ ஒரு ஜிசிசி இருமக் கோப்பைக் கைமாற்றாகப் பெற்று, முதல் வேலையாக அதைக்கொண்டு தங்களுக்கான ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டிக்கொண்டன, பிறகு அந்தக் கைமாற்றை அழித்துவிட்டன. காசில்லாதவர் கணினியிலும் பிறக்கமுடியவேண்டும் என்பதற்காகத் தன் எழுத்தை எளிமையாக வைத்துக்கொண்ட அந்தக் கம்பைலருக்கு, 3.4 பதிப்பு வரும் வரையில் பழைய சி போதுமானதாக இருந்தது.

‘கான்ஃபிகர்’ கட்டளையின் திரையை மறக்கமுடியுமா? 1991 கோடையில் டேவிட் மெக்கென்சி எழுதத் தொடங்கிய ஆட்டோகான்ஃப் வளர்ந்து பரவி, ஜிசிசி வீட்டுக்கும் வந்த பிறகு, கட்டுமானம் ஒரு விசாரணையோடுதான் தொடங்கும். வரிக்கு ஒரு கேள்வி. கட்டும் சூழல் புத்தி தெளிவாக இருக்கிறதா? சி கம்பைலர் வேலை செய்கிறதா? ‘லாங்’ எத்தனை பைட்? பெரிய பைட் முதலில் வருமா, சிறியதா? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே பதில் விழும்: யெஸ், யெஸ், நோ, யெஸ். அந்தப் பதில்களை அது யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ‘கான்ஃப்டெஸ்ட்’ என்ற பெயரில் நாலு வரி சி நிரல் ஒன்றைத் தானே எழுதி, தானே தொகுத்துப் பார்த்து, ஓடினால் யெஸ் என்று குறித்துக்கொண்டு, அந்தக் கோப்பை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். நடந்ததையெல்லாம் ‘கான்ஃபிக் லாக்’ கோப்பில் பதிந்துவைக்கும். இயந்திரத்தின் பெயரைப் பார்த்து அதன் குணத்தை முடிவுகட்டாமல், ஒவ்வொன்றையும் செய்துபார்த்தே நம்பிய அந்தப் பொறுமையை நம்மில் பலர் அந்தத் திரையைப் பார்த்துத்தான் கற்றோம்.

1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலாக ஊருக்குச் சொன்னபோது, அதில் ஓடுவதாக அவர் பெயர் சொன்ன இரண்டில் ஒன்று ஜிசிசி 1.40. அதன் பிறகு இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1997இல் வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்று வருந்திய சிலர் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனதும், 1999 ஏப்ரலில் அந்தக் கிளையே தாய் வீடாக ஏற்கப்பட்டதும், அந்த ஆண்டு ஜூலையில் 2.95 வெளிவந்ததும் தனியாக எழுதவேண்டிய கதை. கட்டும் வழக்கத்துக்கு அந்த ஆண்டுகள் பொற்காலம். லினக்ஸ் வழங்கலோடு வந்த பதிப்பு பழையது, அல்லது ரெட் ஹாட் 7.0இல் வந்த 2.96போல ஜிசிசி குழு வெளியிடாத ஒன்று. சரியானது வேண்டுமென்றால் நாமே கட்டவேண்டும் என்பது அன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி.

நம் ஊரில் ஜிசிசி இதழ்களோடு வந்த குறுந்தகட்டில் வந்திறங்கியது. ‘பிசி குவெஸ்ட்’ இதழின் லினக்ஸ் தகடுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கைமாறின. தொலைபேசி இணைப்பில் மூலநிரல் முழுவதையும் இறக்குவது எளிதல்ல என்பதால், சென்னைக்குப் போகிறவரிடம் சொல்லிவிட்டு, தகடு வரும் வரை காத்திருந்தவர்கள் உண்டு. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ரூட் கடவுச்சொல் மாணவர்களுக்குக் கிடையாது. அது தடையாக இருந்ததில்லை. கான்ஃபிகர் கட்டளைக்கு ‘ப்ரிஃபிக்ஸ்’ என்று நம் சொந்த அடைவின் முகவரியைக் கொடுத்துவிட்டால், யாருடைய அனுமதியும் இல்லாமல் நமக்கென்று ஒரு கம்பைலர் நம் அடைவுக்குள்ளேயே குடியேறிவிடும். மாலையில் தொடங்கிவிட்டு, திரையில் ‘அணைக்க வேண்டாம்’ என்று துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போவோம். காலையில் கதவைத் திறக்கும் ஆய்வக உதவியாளர் அண்ணன், “என்ன தம்பி, உங்க ஆளு இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்காரு” என்பார். நடு இரவில் மின்சாரம் போயிருந்தாலும் பெரிய நட்டம் இல்லை. ‘மேக்’ என்ற அந்தப் பழைய கருவி ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் பார்த்து, எதுவரை கட்டியாயிற்று என்று கண்டுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். கணினிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து கடிகாரம் தவறியிருந்தால் மட்டும், ‘க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்’ என்று எச்சரித்து, கட்டியது முழுமையாக இல்லாமல் போகலாம் என்று சொல்லிவிடும்.

கட்டும்போதே அது செய்த வேறு உபகாரங்களும் உண்டு. மணிக்கணக்கில் நினைவகம் முழுவதையும் நிரப்பி வேலை வாங்கும் பணி அன்றைய வீட்டுக் கணினியில் வேறு அதிகம் இல்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ‘சிக்னல் 11’ என்று கம்பைலர் விழுந்தால், குற்றம் நிரலில் இல்லை, நினைவகச் சில்லில் இருக்கிறது என்பது அன்றைய லினக்ஸ் பயனர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அப்படிச் சில்லைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி செருகிய எத்தனையோ பேர், தங்கள் கணினியின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்ததே அன்றுதான்.

பம்பாய் ஐஐடியில் உதய் கேட்கர் நடத்திய ஜிசிசி வள மையத்தின் பயிலரங்குகளில், இந்தக் கம்பைலரை உட்புகுந்து பார்க்க வந்தவர்கள் அதைக் கட்டமைத்துக் கட்டுவதையும் ஒரு பாடமாகவே படித்தார்கள். நல்ல ஏற்பாடு அது. ஜிசிசி தன் நிரலில் ஒரு பகுதியைக் கட்டும் நேரத்தில்தான் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு சில்லின் விவரக் கோப்பையும் படித்து, ‘இன்சன்’ என்று தொடங்கும் பெயர்களில் பெரிய பெரிய சி கோப்புகளை உண்டாக்கும். கட்டிய அடைவைத் திறந்து பார்க்காதவர்களுக்கு அந்தக் கோப்புகள் இருப்பதே தெரியாது. ஆயத்த இருமக் கோப்பில் அவை எதுவும் கண்ணுக்குப் படாது.

முதுமை வந்தபோது உடம்பு கனத்தது. 2008இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் என்ற இரண்டு கணித நூலகங்கள் இல்லாமல் சி கம்பைலரைக்கூடக் கட்டமுடியாது என்றானது. 2010இல் வந்த 4.5, எம்பிசி என்ற மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டது. ஒன்றைக் கட்ட மற்றொன்று வேண்டும், அதைக் கட்ட இன்னொன்று. முதல் நிமிடத்திலேயே ‘பில்டிங் ஜிசிசி ரிக்வயர்ஸ்’ என்று தொடங்கும் அந்த வரியைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் பலர். மூன்றையும் தானே இறக்கிவைக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை மூலநிரலோடு சேர்த்துத் தந்த பிறகும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2013இல் வந்த 4.8 பதிப்பில் ஜிசிசியின் சொந்த நிரலே சி++ஆக மாறியது. அன்றிலிருந்து அதைக் கட்ட சி கம்பைலர் போதாது, சி++ கம்பைலர் வேண்டும். 11ஆம் பதிப்புக்கு சி++11 தெரிந்த கம்பைலர், 15ஆம் பதிப்புக்கு சி++14 தெரிந்த கம்பைலர். எந்த ஏழைக் கம்பைலரின் மடியிலும் பிறக்க ஒப்பிய ஜிசிசி, வசதியான மடியைத் தேடும் நாள் வந்துவிட்டது. எழுதுகிறவர்களின் உழைப்பு குறைந்தது, நிரல் தெளிவானது, இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய இயந்திரம் வைத்திருப்பவர் இன்றைய ஜிசிசியை அடைய, முதலில் 3.3, அதைக்கொண்டு 4.7, அதைக்கொண்டு 10, பிறகு இன்றையது என்று படிப்படியாக ஏறித்தான் வரவேண்டும்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. 1999இல் டெபியன் 2.1 வழங்கலோடு வந்த ஏப்ட், ஒரு வரியில் எதையும் நிறுவலாம் என்று காட்டியது. நமக்காக வேறு யாரோ கட்டிவைத்தார்கள். நம்மைவிட நன்றாகவே கட்டினார்கள், சோதித்தார்கள், பிழை திருத்தி அனுப்பினார்கள். 2012இல் மாட் காட்போல்ட் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர், பல பதிப்புகளை உலாவியிலேயே ஓட்டிப்பார்க்கலாம் என்று ஆக்கியது. மறு ஆண்டில் டாக்கர் வந்து, கம்பைலரோடு அதற்கு வேண்டிய இயங்குதளக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டி ஒரே பொதியாக அனுப்பியது. 2014இல் ஃப்ரீபிஎஸ்டி 10, பல கட்டமைப்புகளில் ஜிசிசியை விட்டு க்ளாங் என்ற வேறொன்றை இயல்பான கம்பைலராக்கியது. இவை ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். நமக்குக் கோபப்பட யாருமில்லை, அதனால்தான் இந்தத் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இறுதிக் காலத்தில் அந்த வழக்கத்தைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1999இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ நூல், இன்றுவரை வாசகரை ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டச் சொல்கிறது. அதில் ஜிசிசி ஒரே பயணத்தில் பலமுறை கட்டப்படுகிறது. டேனியல் ராபின்ஸ் தொடங்கி, 2002இல் 1.0 என்று வந்த ஜென்டூ லினக்ஸ், எதையும் மூலநிரலிலிருந்து கட்டுவதையே தன் அடையாளமாக வைத்திருந்தது. கம்பைலரிலிருந்தே தொடங்கும் அதன் ‘ஸ்டேஜ் ஒன்’ நிறுவல் வழி முதலில் கைவிடப்பட்டது. பிறகு 2023 டிசம்பர் கடைசியில், ஆயத்த இருமப் பொதிகளையும் பெருமளவில் தரப்போவதாக ஜென்டூவே அறிவித்தது. பயனர்கள் கேட்டதைத்தான் செய்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்த இரவில், இனி யாரும் மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து 2024 மார்ச்சில் நடந்ததும் இந்த வழக்கத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்தபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று இருப்பது தெரியவந்தது. அதை ஏவும் துணுக்கு பொதுக் களஞ்சியத்தின் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில், கான்ஃபிகர் கட்டத்தில் ஓடும் நிரலுக்குள் செருகப்பட்டிருந்தது. நாம் வரிக்கு வரி நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த அதே விசாரணைக்குள். அதில் இன்னொன்றும் இருந்தது. டெபியன் பொதியோ ஆர்பிஎம் பொதியோ கட்டப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆம் என்றால்தான் அந்த நஞ்சு வேலையைத் தொடங்கும். தன் கையால் தனக்கென்று கட்டிக்கொள்பவரை அது தொடவில்லை. அவர்களுக்கு இரக்கம் காட்டியதாக நான் நினைக்கவில்லை. அப்படிக் கட்டுகிறவர்கள் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு மிச்சமில்லை என்பது தாக்கியவருக்கும் தெரிந்திருந்தது என்றே படுகிறது.

1984இல் அச்சில் வந்த டூரிங் விருது உரையில் கென் தாம்சன் எழுப்பிய அச்சம் இதைவிட ஆழமானது. கம்பைலருக்குள் ஒளித்த தீங்கு, மூலநிரலில் எந்தச் சுவடும் இல்லாமல், கம்பைலர் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அடுத்ததற்குக் கடந்துபோகலாம் என்றார் அவர். உண்மையைச் சொல்லவேண்டும்: மூன்று கட்டமும் ஒப்பீடும் இந்த அச்சத்தை மட்டும் தீர்க்காது, ஏனென்றால் முதலில் வாங்கிய இரவலே கெட்டுப்போயிருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். தீர்வு கேட்டவர்கள் இன்னும் பின்னால் போகவேண்டியிருந்தது. போனார்கள். 2023 ஏப்ரலில் கைக்ஸ் என்ற வழங்கலின் குழுவினர், வெறும் 357 பைட் அளவுள்ள, ஒரு மனிதர் பைட் பைட்டாகப் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, ஒன்றைக்கொண்டு அதைவிடப் பெரிய ஒன்றைக் கட்டிக்கட்டி, முழு இயங்குதளம் வரை ஏறிவரும் வழியை நடத்திக் காட்டினார்கள். அந்த ஏற்றத்தில் மெஸ், டைனிசிசி என்ற சிறு கம்பைலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அதன் பின் அந்தச் சிறிய கம்பைலரால் கட்டமுடிந்த ஒரு ஜிசிசி வருகிறது. அது இன்றைய ஜிசிசி அல்ல. சி++ கேட்காத, கணித நூலகம் கேட்காத, பழைய சி-யில் எழுதப்பட்ட 2.95.3. தனிக்குடித்தனம் போன பிள்ளை வீடு திரும்பிய பிறகு வந்த அதே வரிசை. இன்றைய கம்பைலர்களுக்கும் அந்த 357 பைட்டுகளுக்கும் நடுவே இருபதாண்டுப் பழமையான அந்த மூத்தவர்தான் இன்னும் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். அன்று எல்லா ஏழை இயந்திரங்களையும் மனத்தில் வைத்து எளிமையாக எழுதியவர்களுக்கான நன்றிக்கடன் இப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது.

உயர்திறன் கணினி மையங்களில் ஸ்பாக் போன்ற கருவிகள் இன்னும் ஜிசிசியை மூலநிரலிலிருந்தே கட்டுகின்றன. சிறு சாதனங்களுக்கு நிரல் எழுதுவோர் வேறு சில்லுக்கான கம்பைலரைத் தாங்களே கட்டிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் இயந்திரம் இயந்திரத்துக்காகச் செய்யும் வேலை அது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நாம் அழுவது அப்படி உட்கார்ந்திருந்ததற்காக.

மூலநிரல் எங்கும் போய்விடவில்லை. க்னூ திட்டத்தின் வழங்கியில் 2.95.3 முதல் இன்றைய பதிப்பு வரை எல்லாம் இருக்கின்றன. நாம் விட்டுவந்த இடத்தில் எவரும் பூட்டுப் போடவில்லை. இன்றைய கணினியில் அதற்கு ஓர் இரவுகூடத் தேவைப்படாது. ஒருமுறை கட்டிப் பாருங்கள், வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டுங்கள். மூன்று நூலகங்களையும் இறக்கித்தரும் ஸ்கிரிப்டை முதலில் ஓட்டிவிடுங்கள். மூலநிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே கட்டாமல் அதற்கு வெளியே தனி அடைவு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ‘டிசேபிள் பூட்ஸ்ட்ராப்’ என்று கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள்.